அகண்ட அலைவரிசை இணைப்பு: பழுது எங்கே?

நியாய விலைக் கடையிலுள்ள விற்பனைக் கருவி இணையத்துடன் தொடர்பு கொள்ள இயலாமல் நின்றுவிடுமானால், பொருள் வாங்க வந்த கூலித் தொழிலாளி வெறுங்கையுடன் திரும்ப நேரிடுகிறது. மறுநாள் மீண்டும் வருவதற்காக அவர் ஒரு நாள் கூலியை இழக்கிறார். பொதுச் சேவை மையத்தில் ஓய்வூதியரின் உயிர்ச் சான்று பதிவாகாமற் போவதும், விண்ணப்பத்தின் கடைசி நாளன்று மாணவி ஒருத்தி அசையாத திரையின் முன் அமர்ந்திருப்பதும் இதே வகையைச் சேர்ந்தவை. இணைய இணைப்பு வசதி படைத்தோரின் பொருள் என்ற நிலையைக் கடந்து, சாலையையும் மின்சாரத்தையும் ஒத்த அடிப்படைத் தேவையாகிவிட்டது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சாலையில் பள்ளம் விழுந்தால் கண்ணுக்குத் தெரிகிறது; இணைப்பில் விழும் பள்ளம் தெரிவதில்லை. பழுது வீட்டுக்குள்ளா, தெருவிலா, தொலைவிலுள்ள நிலையத்திலா என்பதை அறியாமலேயே பலர் புதிய கருவி வாங்குகின்றனர். அல்லது கட்டணம் கூடிய திட்டத்துக்கு மாறுகின்றனர். இச்செலவில் கணிசமான பகுதி வீண் செலவே ஆகும்.

வேகம் என்பதன் பொருள்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கியது. அந்நாளில் சாதாரணத் தொலைபேசிக் கம்பி வழியே எண்ணை அழைத்துத்தான் இணைப்புப் பெற வேண்டியிருந்தது. இணையத்தில் இருக்கும் நேரம் முழுவதும் தொலைபேசி வேறு எதற்கும் பயன்படாது. 2004-ஆம் ஆண்டின் அகண்ட அலைவரிசைக் கொள்கை, எப்போதும் இணைப்பிலிருந்து வினாடிக்குக் குறைந்தது 256 கிலோபிட் தரவிறக்க வேகம் தரும் சேவையையே அகண்ட அலைவரிசை, அதாவது பிராட்பேண்டு, என வரையறுத்தது. இவ்வரம்பு 2013-இல் 512 கிலோபிட்டாகவும், 2023 ஜனவரியில் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் எட்டு மடங்கு உயர்வு என்பது காகிதத்தில் பெரிதாகத் தோன்றலாம். ஆனால் நகரங்களில் வினாடிக்கு 100 மெகாபிட் திட்டம் சாதாரணமாகிவிட்ட காலத்தில் 2 மெகாபிட் என்பது தரையேயன்றிக் கூரையன்று.

நுகர்வோரிடையே நிலவும் குழப்பங்களில் முதன்மையானது பிட், பைட் என்னும் இரண்டு அலகுகளைப் பற்றியது. நிறுவனங்கள் வேகத்தைப் பிட் அளவில் விளம்பரம் செய்கின்றன. கணிப்பொறியோ கோப்பின் அளவைப் பைட் கணக்கில் காட்டுகிறது. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் கோப்பு ஒன்று வினாடிக்கு ஏறக்குறைய 12 மெகாபைட் வீதம் இறங்குமானால் அதில் குறையேதுமில்லை. வாங்கிய அளவு முழுமையாக வந்துகொண்டிருக்கிறது என்றே பொருள். இந்த ஒரு வகுத்தல் கணக்கைத் தெரிந்துகொண்டால் புகார்களில் ஒரு பங்கு தாமாகவே மறைந்துவிடும்.

இரண்டாவது, விளம்பரத்தில் வேகத்தின் எண்ணுக்குப் பின்னால் சிறிய எழுத்தில் நிற்கும் ‘வரை’ என்னும் சொல். வீடுகளுக்கு வரும் கண்ணாடி இழை இணைப்புகளில் பரவலாக உள்ள முறையில், நிலையத்திலிருந்து புறப்படும் ஒரே இழை வழியில் பிரிப்பான்களால் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. அந்த இழையின் மொத்தத் தரவிறக்கத் திறன் வினாடிக்குச் சுமார் 2.5 கிகாபிட், மேலேற்றத் திறன் அதில் பாதி. அறுபத்து நான்கு வீட்டாரும் ஒரே கணத்தில் முழு வேகத்தைக் கேட்டால் ஒவ்வொருவர் பங்கும் 40 மெகாபிட்டுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். நடைமுறையில் எல்லோரும் ஒரே கணத்தில் கேட்பதில்லை. அந்த நம்பிக்கையின் மீதே கட்டணம் குறைவாக நிர்ணயிக்கப்படுகிறது. ஊரிலுள்ள அனைவரும் ஒரே நாளில் பணத்தைத் திரும்பக் கேட்க மாட்டார்கள் என்னும் அடிப்படையில் வங்கி நடைபெறுவதைப் போன்றதே இதுவும். பண்டிகை நாள் இரவிலும் கிரிக்கெட் போட்டியின்போதும் இந்த நம்பிக்கை சோதனைக்குள்ளாகிறது. மாதத் தரவு வரம்பு தீர்ந்தபின் வேகம் குறைக்கப்படும் திட்டங்களும் உண்டு. மாதக் கடைசியில் மட்டும் இணைப்பு மந்தமானால் முதலில் பார்க்க வேண்டியது கருவியையன்று, திட்டத்தின் நிபந்தனைகளை.

சங்கிலியும் அதன் கண்ணிகளும்

இணைப்பு என்பது ஒற்றைப் பொருளன்று. ஒன்றோடொன்று கோத்த சங்கிலி. கைப்பேசி அல்லது கணிப்பொறி, அதிலிருந்து ரௌட்டர் வரையிலான வைஃபை அலை, ரௌட்டர், அங்கிருந்து தெரு வழியே நிலையம் வரை செல்லும் கம்பியோ இழையோ அலையோ, நிலையத்திலிருந்து நிறுவனத்தின் முதுகெலும்பு வலைப்பின்னல், அதற்கும் அப்பால் உலக இணையம் என்று கண்ணிகள் தொடர்கின்றன. சங்கிலியின் வலிமை அதன் நலிந்த கண்ணியின் வலிமையே. எனவே பழுது நீக்குவதில் முதற்பணி எதையும் மாற்றுவதன்று. எந்தக் கண்ணி நலிந்தது எனப் பிரித்தறிவது.

இதற்கு எளிய வழி, பாதியாக வெட்டிப் பார்ப்பது. ரௌட்டரையும் கணிப்பொறியையும் கம்பியால் நேரடியாக இணைத்து, மற்றக் கருவிகளை எல்லாம் அணைத்துவிட்டு வேகத்தை அளக்க வேண்டும். கம்பி வழியில் வேகம் நிறைவாகவும் வைஃபை வழியில் குறைவாகவும் இருப்பின் குறை வீட்டுக்குள் உள்ளது. நிறுவனத்தைக் குறை கூறிப் பயனில்லை. கம்பி வழியிலும் வேகம் குறைவாயின் குறை பெரும்பாலும் வெளியில் உள்ளது. ஆனால் இங்கும் ஒரு பொறி உண்டு. இணைக்கும் கம்பியினுள் நான்கு சோடி இழைகள் இருக்கின்றன. முனையில் ஒரு சோடி முறிந்திருந்தாலும் இணைப்பு அறுபடாமல், ஆயிரம் மெகாபிட்டுக்குப் பதிலாக நூறு மெகாபிட்டில் ஓசையின்றி ஓடிக்கொண்டிருக்கும். 300 மெகாபிட் திட்டத்தில் அளவு எப்போதும் 94, 95 என்றே நின்றுவிட்டால் ஐயப்பட வேண்டியது அந்தச் சிறு கம்பியைத்தான்.

அளவை ஒரு முறை எடுத்தால் போதாது. விடியற்காலையிலும், நண்பகலிலும், இரவு ஒன்பது மணி அளவிலும் மூன்று நான்கு நாட்களுக்கு அளந்து குறித்து வைத்தால் படம் தெளிவாகும். எல்லா நேரத்திலும் ஒரே அளவில் குறைவாயின் கம்பி, கருவி அல்லது திட்டத்தின் குறை. இரவில் மட்டும் சரிவாயின் நெரிசல். ஒழுங்கின்றி ஏறி இறங்கினால் தளர்ந்த இணைப்பு அல்லது அலைக் குறுக்கீடு.

வேகம் சரியாக இருந்தும் பக்கங்கள் திறக்கத் தயங்குவதுண்டு. இணையத்தில் ஒவ்வொரு தளமும் உண்மையில் ஓர் எண் முகவரியிலேயே உள்ளது. நாம் இடும் பெயரை எண்ணாக மாற்றித் தரும் பெயர்ச் சேவை தனியே இயங்குகிறது. தொலைபேசி விவரத் திரட்டு தொலைந்துபோனால் தொலைபேசி நன்றாக இருந்தும் யாரையும் அழைக்க முடியாதது போல, இச்சேவை நின்றால் இணைப்பே அற்றுப்போனது போலத் தோன்றும். ‘பிங்’ என்னும் கட்டளையைக் கொண்டு இதை உறுதி செய்யலாம். முதலில் ரௌட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, அனுப்ப வேண்டும். விடை வந்தால் வீட்டு வலை நலம். அடுத்து 8.8.8.8 போன்ற வெளி முகவரிக்கு அனுப்ப வேண்டும். அதற்கும் விடை வந்து, தளத்தின் பெயருக்கு மட்டும் வரவில்லையென்றால் குறை பெயர்ச் சேவையில்தான். ரௌட்டரின் அமைப்பில் வேறொரு பெயர்ச் சேவை முகவரியை இட்டால் தீர்ந்துவிடும்.

வீட்டுக்குள் அலை

வைஃபை கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு பட்டைகளில் இயங்குகின்றன. இவை உரிமம் இன்றி யாரும் பயன்படுத்தக்கூடியவை. ஆகவே பொதுக் கிணற்றைப் போன்றவை. முதற்பட்டையின் அலை சுவர்களை ஓரளவு ஊடுருவித் தொலைவு செல்லும். ஆனால் அதில் ஒன்றன்மேல் ஒன்று படியாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது வீட்டாரின் ரௌட்டர்கள் இம்மூன்று தடங்களில் நெருக்கியடித்துக்கொண்டு, ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கும் நிலை ஏற்படுகிறது. புளூடூத் கருவிகளும் இதே பட்டையில் உள்ளன. மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அருகிலேயே இயங்குவதால், சமையலறையில் உணவு சூடாகும் இரண்டு நிமிடம் கூடத்தில் படம் நின்று போவது வியப்பன்று. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் தடங்கள் மிகுதி, வேகமும் மிகுதி. ஆனால் அலை விரைவில் தேய்ந்துவிடும். ஒரே அறையில் இருப்போர் இரண்டாவதையும், தொலைவில் இருப்போர் முதலாவதையும் பயன்படுத்துவதே முறை.

நம் வீடுகளின் கட்டுமானமும் கவனத்திற்குரியது. மேலை நாடுகளில் மரப்பலகைச் சுவர்களை உடைய வீடுகள் மிகுதி. நம் வீடுகளில் செங்கல் சுவரும், இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட் தளமும் அலையின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. எஃகு அலமாரி, நிலைக்கண்ணாடி, மாடியில் நிற்கும் நீர்த்தொட்டி ஆகியவையும் தடைகளே. இருந்தும் ரௌட்டரை எங்கே வைக்கிறார்கள்? கம்பி நுழையும் மூலையில், பெரும்பாலும் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் அல்லது அலமாரியின் உச்சியில். நிறுவ வரும் பணியாளருக்கு இரண்டு மீட்டர் கம்பி மிச்சம். குடும்பத்தினருக்கோ ஆண்டு முழுவதும் அவதி. வீட்டின் நடுப்பகுதியில், திறந்த இடத்தில், ஆள் உயரத்தில் வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. வீடு நீளமானதாயின் அலையைப் பெருக்கித் தரும் மலிவான கருவிகளை நாடுவதைவிட, ஒரு கம்பியை இழுத்து மறு முனையில் இரண்டாவது வைஃபை முனையத்தை அமைப்பது மேலானது. ஒரே அலையில் வாங்கி அதே அலையில் திருப்பி அனுப்பும் பெருக்கி, வேகத்தை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும்.

வீட்டு வாசலுக்கு வெளியே

தொலைபேசியின் செப்புக் கம்பி வழியே வரும் இணைப்புகள் குறைந்துகொண்டே வருகின்றன. அவற்றின் நோய்கள் இரண்டே: தொலைவும் ஈரமும். நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டரை நெருங்கினால் வேகம் நலிந்துவிடும். மழைக்காலத்தில் இணைப்புப் பெட்டிகளில் நீர் கசிந்தால் தொலைபேசியில் கரகரப்பும் இணையத்தில் துண்டிப்பும் சேர்ந்தே வரும்.

கண்ணாடி இழைக்கு ஈரத்தாலோ மின்னலாலோ அத்துணைத் தொல்லையில்லை. அதன் பகை மடிப்பும் தூசியும். சுவர் மூலையில் கூர்மையாக மடித்து ஆணியடிக்கப்பட்ட இழையிலிருந்து ஒளி வெளியே கசிந்துவிடுகிறது. வீட்டிலுள்ள ஃபைபர் பெட்டியில் ‘பான்’ என்னும் விளக்கு நிலையாகப் பச்சையில் எரிந்தால் நிலையத்துடன் தொடர்பு உள்ளது, ‘எல்.ஓ.எஸ்.’ என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை. இரண்டாம் நிலையில் பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயன் விளையாது. பணியாளரை அழைப்பதே வழி. அவர் ஒளியளவுக் கருவியால் அளக்கும்போது மைனஸ் 27 டிபிஎம் என்ற எல்லைக்கும் கீழே போயிருந்தால் எங்கோ மடிப்போ, அழுக்கடைந்த இணைப்போ, பழுதான ஒட்டோ உள்ளது எனக் கொள்ளலாம். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நலம். இந்த எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்வது நுகர்வோரின் உரிமை. மருத்துவரிடம் இரத்த அழுத்தத்தின் அளவைக் கேட்பதில் தவறில்லையல்லவா? இழையின் முனையை வெறுங்கண்ணால் உற்று நோக்குவது மட்டும் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குப் புலப்படாதது; தீங்கு செய்யக்கூடியது.

மின்வெட்டின்போது இணையமும் நின்றுவிடுவதாகப் பலர் எண்ணுகின்றனர். இழை அமைப்பில் நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையேயுள்ள பிரிப்பானுக்கு மின்சாரமே வேண்டுவதில்லை. நிலையத்தில் மின்கலம் உண்டு. எனவே வீட்டிலுள்ள பெட்டிக்கும் ரௌட்டருக்கும் 12 வோல்ட் தரும் சிறு மின்கலம் ஒன்றைப் பொருத்தினால், ஊர் இருளில் இருக்கும்போதும் இணைப்புத் தொடரும்.

இழையின் மிகப் பெரிய பகை மண்வெட்டியும் தோண்டு இயந்திரமுமே. குடிநீர்க் குழாய்க்கும் சாலை அகலப்படுத்தலுக்கும் தோண்டும்போது புதைந்துள்ள இழைகளும் குழாய்களும் அறுபடுவதால் நாட்டுக்கு ஆண்டுதோறும் சுமார் ரூ. 3,000 கோடி இழப்பு ஏற்படுவதாக அரசு மதிப்பிட்டது. தோண்டுவோர் முன்கூட்டியே தகவல் தெரிவிக்கும் கைப்பேசிச் செயலி 2023 மார்ச்சில் தொடங்கப்பட்டது. ஒரு துறை புதைத்ததை மற்றொரு துறை அறுப்பது இன்றும் நின்றபாடில்லை.

கம்பியில்லா இணைப்பு

2024 மார்ச் இறுதியில் இந்தியாவில் இணையச் சந்தாதாரர் எண்ணிக்கை 95 கோடியைத் தாண்டியிருந்தது. அதில் கம்பி அல்லது இழை வழி இணைப்புகள் ஏறக்குறைய 4 கோடியே. ஆகவே நாட்டின் மிகப் பெரும்பாலோருக்கு இணையம் என்றால் கைப்பேசிக் கோபுரம்தான். 2022 அக்டோபரில் ஐந்தாம் தலைமுறைச் சேவை தொடங்கிய பின், கூரையில் அலைவாங்கி பொருத்தி வீட்டுக்குள் வைஃபை தரும் இணைப்புகளும் 2023 முதல் பரவி வருகின்றன.

கைப்பேசியில் கோடுகள் நிறைந்திருந்தும் ஏன் வேகமில்லை என்பது அடிக்கடி எழும் வினா. கோடுகள் காட்டுவது அலையின் வலிமையை, நெரிசலையன்று. சந்தைக் கூட்டத்தில் ஒருவர் உரக்கப் பேசினாலும் மற்றக் குரல்களுக்கிடையே அது விளங்காமற் போகலாம். கைப்பேசியின் அமைப்புப் பக்கத்தில் காணும் அலை வலிமை மைனஸ் 80 டிபிஎம் அளவில் இருந்தால் நன்று. மைனஸ் 110-ஐ ஒட்டினால் நலிவு. வலிமை நன்றாக இருந்தும் வேகம் இல்லையென்றால் இரண்டு காரணங்கள் உண்டு: அக்கோபுரத்தைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்வது, அல்லது கோபுரத்தையே வலைப்பின்னலுடன் இணைக்கும் பாதை குறுகலாக இருப்பது. நாட்டுப்புறக் கோபுரங்கள் பலவற்றுக்குக் கண்ணாடி இழை எட்டாமல், அடுத்த கோபுரத்திலிருந்து நுண்ணலை வழியே இணைப்பு வருகிறது. வாய்க்கால் குறுகியிருக்கும்போது மதகை அகலமாக்கிப் பயனில்லை.

கூரை அலைவாங்கி வைத்திருப்போர் அதன் திசையைக் கவனிக்க வேண்டும். 3.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலை, 700 மெகாஹெர்ட்ஸ் அலையைப் போலச் சுவரையும் மரத்தையும் எளிதில் ஊடுருவாது. கோடையில் நிறுவியபோது நன்றாக இயங்கிய இணைப்பு, எதிரிலுள்ள மரம் மழைக்குப்பின் தழைத்ததும் தளர்வதுண்டு. அலைவாங்கியை ஒரு மீட்டர் உயர்த்துவதோ சற்றுத் திருப்புவதோ போதுமானதாக இருக்கலாம்.

தாமதம் என்னும் மற்றோர் அளவு

வேகம் மட்டுமே தரமன்று. அனுப்பிய செய்திக்கு விடை வந்து சேரும் நேரமும் அதனினும் முக்கியமாகலாம். காணொளி வழி மருத்துவ ஆலோசனையிலும் வங்கிப் பரிமாற்றத்திலும் இதை உணரலாம். அந்தமான் தீவுகளே இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 2020 வரை அத்தீவுகளின் இணையம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் உள்ளது, கேள்வி மேலேறி இறங்கவும், விடை மேலேறி இறங்கவும் மொத்தம் 1,44,000 கி.மீ. வினாடிக்கு 3 லட்சம் கி.மீ. செல்லும் ஒளியின் வேகத்திலும் இதற்கு ஏறக்குறைய அரை வினாடி பிடிக்கும். எந்தப் பொறியாளராலும் இதைக் குறைக்க முடியாது. 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் சென்னையிலிருந்து அன்றைய போர்ட் பிளேருக்கும் மற்றத் தீவுகளுக்கும் சுமார் 2,300 கி.மீ. நீளமுள்ள கடலடி இழை தொடங்கி வைக்கப்பட்டபின், இழை வழியில் அதே பயணம் வினாடியின் சிறு பின்னமாகச் சுருங்கியது. 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து லட்சத்தீவுகளுக்கும் இவ்வாறே இழை சென்றடைந்தது. கடலடி இழையும் அறுபடக்கூடியதே. 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாண்டிரியாவை ஒட்டிக் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவின் இணையமும் தளர்ந்தது. ஒரே நாளில் ஊரெங்கும் வெளிநாட்டுத் தளங்கள் மட்டும் மந்தமானால் வீட்டு ரௌட்டரைக் குறை கூற வேண்டாம்.

கிராமப் பஞ்சாயத்தின் கதை

கிராமப் பஞ்சாயத்துகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் தேசியத் திட்டத்துக்கு 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பின்னர் இது பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாயத்துகளை எட்டுவது இலக்கு. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவை சேவைக்குத் தயார் நிலையை அடைந்துவிட்டன. எனினும் தயார் நிலை என்பது ஒரு நாளின் சாதனை. இயங்கும் நிலை என்பது ஒவ்வொரு நாளின் பணி. பஞ்சாயத்து அலுவலகத்தில் பெட்டி பூட்டிய அறைக்குள் இருப்பதும், மின்கட்டணம் செலுத்த ஆளில்லாததும், அறுந்த இழையை ஒட்ட வாரங்கள் ஆவதும் கள ஆய்வாளர் அறிந்த செய்திகளே. அமைத்த கிலோமீட்டரைக் கணக்கிடும் புள்ளிவிவரம், இயங்கிய மணிகளைக் கணக்கிடுவதில்லை.

தொழில்நுட்ப அமைப்பிலும் ஒரு குறை இருந்தது. ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து இழை நேர்கோடாக ஊர் ஊராகச் சென்றது. வழியில் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கப்பாலுள்ள எல்லா ஊர்களும் துண்டிக்கப்பட்டன. 2023 ஆகஸ்டில் ரூ. 1.39 லட்சம் கோடி மதிப்பில் ஒப்புதல் பெற்ற திருத்திய திட்டத்தில் வளைய அமைப்பு ஏற்கப்பட்டுள்ளது. வளையம் ஓரிடத்தில் அறுந்தாலும் தரவு மறுபக்கமாகச் சுற்றிச் சென்றுவிடும். அமைப்பவரே பத்து ஆண்டுகள் பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையும் சேர்க்கப்பட்டுள்ளது. முந்தைய ஒப்பந்தங்களைவிட இது வரவேற்கத்தக்கது; ஆனால் பத்து ஆண்டுப் பராமரிப்பைக் கண்காணிக்க மாவட்ட அளவில் ஆட்கள் வேண்டும்.

புகார் செய்யும் முறை

வீட்டுக்குள் குறையில்லை என்று உறுதியானபின் புகார் செய்ய வேண்டியது முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில். 2012-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் பதிவு எண் தரப்பட வேண்டும். அந்த எண்ணின்றித் தொலைபேசியை வைத்துவிடுவது புகாரே செய்யாததற்குச் சமம். குறித்த காலத்துக்குள் குறை தீராவிட்டாலோ, தீர்வு மனநிறைவு தராவிட்டாலோ முப்பது நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பை அணுகலாம், இதற்குக் கட்டணமில்லை, 39 நாட்களுக்குள் முடிவு கூறப்பட வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தனி நபர் புகார்களைத் தானே விசாரிப்பதில்லை என்பதை அறியாமல் பலர் அங்கு எழுதிக் காலத்தை இழக்கின்றனர். நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்தே உள்ளது. தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாடுகளை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அங்கு செல்வோருக்குப் புகார் எண்களும், கம்பி வழியில் நாள், நேரம் குறித்து எடுத்த வேக அளவுகளும், பணியாளர் சொன்ன ஒளியளவும், செலுத்திய கட்டணச் சீட்டும் தேவைப்படும்.